கலாதேவியின் மூன்று கூடைகள்

அத்தியாயம் 14

தாமான் செம்பாக்கா குடியிருப்பில் ஒரு செய்தி முதல் வீட்டில் பிறந்தால், நான்காவது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்குப் பல் முளைத்துப் பேச்சும் வந்துவிடும். கலாதேவியின் வேலை விஷயமும் அப்படித்தான் வளர்ந்தது. திங்கட்கிழமை, 'ஈப்போ கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்' என்று இருந்தது. புதன்கிழமை, 'கிடைத்துவிட்டது' என்று ஆனது. வியாழன் விடிந்தபோது, 'துணை முதல்வராம்' என்று தெருமுனை நாசி லெமாக் சோற்றுக்கடையில் உட்கார்ந்திருந்தது.

அந்தச் செய்திக்குப் பால் கொடுத்து வளர்த்தவர் வேறு யாருமில்லை. கலாதேவியின் கணவர் ஜெயபாலன்தான்.

இந்தக் குடும்பத்தை இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கலாதேவிக்கு நாற்பத்தெட்டு வயது. தனியார் கல்லூரிகளில் வணிகத் தொடர்பாடல் கற்பிக்கிறாள். ஒரு கல்லூரியில் அல்ல, மூன்றில். ஈப்போவில் வாரத்துக்கு ஆறு மணி நேரம், கோப்பெங்கில் ஒன்பது, சனிக்கிழமைகளில் சிலிம் ரிவரில் ஆறு. எல்லாம் பகுதிநேரம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். வந்தால் வகுப்பு, வராவிட்டால் வீடு. பதினோரு வருடமாக இதே கதை.

"எங்க தாத்தா பெரட்டுல நின்னாரு. எம்.ஏ. படிச்சும் ஒனக்கு இன்னும் பெரட்டுதான்" என்று ஜெயபாலன் கேலி செய்வதுண்டு. விடிவதற்குமுன் ரப்பர் தோட்டத்து ஜனங்கள் வரிசையாக நிற்க, இன்று யாருக்கு எந்த நிரையில் வேலை என்று கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டு. தோட்டத்தை அழித்துத் தாமான் கட்டி முப்பது வருடம் ஆகிறது. பெரட்டு மட்டும் இப்போது மின்னஞ்சலில் வருகிறது.

மூன்று கல்லூரி இருந்தும் கலாதேவிக்கு ஓரிடத்திலும் மேசை கிடையாது, நாற்காலி கிடையாது, பூட்டு போட்ட அலமாரி கிடையாது. அவளுடைய அலுவலகம் வெள்ளி நிற மைவி காரின் பின்பெட்டி. அதில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மூன்று பிளாஸ்டிக் கூடைகள். பச்சை ஈப்போவுக்கு, நீலம் கோப்பெங்குக்கு, சிவப்பு சிலிம் ரிவருக்கு. விடைத்தாள் உறைகளின்மேல் எந்தக் கல்லூரியின் பெயரையும் அவள் எழுதமாட்டாள். எது எந்தக் கூடையில் இருக்கிறதோ அதுவே அதன் ஊர்.

பெயர் எழுதாததற்குக் காரணம் இருந்தது. ஈப்போ கல்லூரி ஒவ்வொரு பருவத்துக்கும் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுக்கும். அதில் ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில், 'வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் கற்பிக்கவில்லை என உறுதி கூறுகிறேன்.' பகுதிநேரக்காரர்கள் எல்லாரும் அதில் டிக் அடிப்பார்கள். அடித்துவிட்டு அடுத்த கல்லூரிக்குக் கார் ஓட்டுவார்கள்.

மகள் ஷர்மினியைப் பற்றிப் போன வாரமே கேட்டிருந்தீர்கள். இருபத்தைந்து வயது, உளவியலில் முதுகலை, ஆறு மாதமாக வீட்டில். கொஞ்ச நாளாக மாலையில் போன் வந்தால் துணி காயும் கொடிக்குப் பின்னால் போய்த்தான் பேசுகிறாள். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் காது அந்தக் கொடியிலிருந்து எட்டடி தூரத்தில் இருக்கிறது. 'கோப்பெங்' என்ற சொல்லை மூன்று முறையும், 'எங்கம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம்' என்பதை ஒரு முறையும் அது பிடித்துவிட்டது. அதற்குமேல் விசாரணை எதற்கு? மாப்பிள்ளை கோப்பெங் என்று கருப்பம்மாள் முடிவு கட்டிவிட்டாள். சாதகம் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலை ஏழு மணிக்குக் கலாதேவி சேலைக்கு ஊசி குத்தியபடி வாசலுக்கு வந்தபோது, காரின் பின்பெட்டி திறந்திருந்தது. ஜெயபாலன் ஈரத்துணியும் கையுமாக அதற்குள் பாதி உடம்பை விட்டிருந்தார்.

"என்னாங்க, கார் பூட்ட எதுக்குத் தொறந்து வெச்சிருக்கீங்க?"

"ஒன்னுமில்ல லா. இன்னிக்கு இண்டர்வியூ. காரு குப்ப லோரி மாரி இருந்தா நல்லாவா இருக்கும்? தொடைச்சி அடுக்கிட்டேன்."

ஜெயபாலன் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே ஜப்பான்காரர்களிடமிருந்து வந்த ஓர் ஒழுங்குமுறை உண்டு. பொருளை வகை பிரி, வரிசையாக வை, துடை, பெயர் ஒட்டு, அப்படியே காப்பாற்று. அதில் ஜெயபாலன் வாங்கிய சான்றிதழ் வீட்டுக் கூடத்தில், கல்யாணப் படத்தைவிட ஓர் அங்குலம் உயரத்தில் தொங்குகிறது. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பா முதல் செருப்பு வரை அவர் கைபடாதது அந்தப் பின்பெட்டி ஒன்றுதான். இத்தனை வருடமும் கலாதேவி அதை அண்டவிட்டதில்லை.

ஆனால் இன்று அவளுக்கே மனசு இளகியிருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் அவள் காரைத் துடைத்ததில்லை.

"ஈப்போ கவர முன் சீட்லயே வெச்சிட்டேன்" என்றார் ஜெயபாலன். "நீ பூட்ட தொறக்கவே வேணாம். எடுத்தமா, கொடுத்தமான்னு போய்க்கிட்டே இரு."

"தேங்க்ஸ்ங்க" என்றாள் கலாதேவி. அந்த இடத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஷர்மினி வாசலுக்கு வந்து, "மா, ஆல் த பெஸ்ட். என்னா கேட்டாலும் பட்டுனு பதில் சொல்லிறாதீங்க. மூச்ச இழுத்து விட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்றாள்.

"நான் தொடர்பாடல் டீச்சர்டி. எனக்கே பேசச் சொல்லிக்கொடுக்கிறியா?"

"அதான் பயமா இருக்கு."

கார் தெரு திரும்பும்போது கருப்பம்மாள் வேப்பிலை ஒடிக்கிற சாக்கில் வேலியோரம் நின்றிருந்தாள். "டீச்சர், துணை முதல்வர் ஆனதும் எங்களையெல்லாம் மறந்துறாதீங்க!" என்று குரல் கொடுத்தாள்.

கலாதேவிக்கு அப்போதுதான் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று புரிந்தது. வேலை கிடைக்காவிட்டால் பிழைப்பு போகாது. மறுபடியும் நான்கு மாதக் கடிதம், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தெருவில் எப்படி முகம் காட்டுவது?

எட்டரை மணிக்கு ஈப்போ கல்லூரியின் தேர்வு முகப்பில் உறையைக் கொடுத்தாள். திருத்திய விடைத்தாள்களில் சிலவற்றைத் துறைத்தலைவர் டாக்டர் தனேஸ்வரன் பார்க்க வேண்டும், எப்படித் திருத்துகிறாள் என்று தெரிந்துகொண்டுதான் மூன்று மணிக்கு நேர்காணல். முகப்பில் இருந்த ஜானிஸ் உறையில் முத்திரை குத்தி, "குட் லக் மேடம்" என்றாள். கலாதேவி கோப்பெங்குக்குக் கிளம்பினாள். பத்தரைக்கு அங்கே வகுப்பு.

சிம்பாங் பூலாய் தாண்டும்போது சுண்ணாம்பு மலைகளின்மேல் பஞ்சுபோல் மேகம் உட்கார்ந்திருந்தது. வானொலியில் பழைய பாட்டு. கலாதேவி கூடவே முணுமுணுத்தாள். தனக்கென்று ஒரு மேசை வந்தால் அதில் என்னென்ன வைக்கலாம் என்று யோசித்தாள். ஒரு பேனா ஸ்டாண்ட். சின்னதாக ஒரு மணி பிளாண்ட். பூட்டுப் போட்ட ஓர் இழுப்பறை, அதில் பிஸ்கெட்.

கோப்பெங்கில் காரை நிறுத்திப் பின்பெட்டியைத் திறந்தாள்.

நீலக் கூடையின்மேல் வெள்ளைப் பட்டையில், 'பெரிய கவர்.' பச்சைக் கூடையின்மேல், 'பேனா / வயர்.' சிவப்புக் கூடையின்மேல், 'மத்தது.'

மூன்று ஊரும் போய்விட்டது. மூன்று வகைதான் இருந்தது.

மூன்று ஊருக்கும் வாங்கிய பேனாக்கள் எல்லாம் பச்சைக்குள் குடும்பமாகப் படுத்திருந்தன. ஏர்கோன் குளிருக்கான ஸ்வெட்டர், குடை, மாற்றுச் செருப்பு, பிஸ்கெட் டின் எல்லாம் சிவப்புக்குள். நீலத்தில் இரண்டு உறைகள். மூன்றாவதை ஈப்போவில் கொடுத்தாயிற்று. கலாதேவி ஒன்றைப் பிரித்தாள். சிலிம் ரிவர். இன்னொன்றைப் பிரித்தாள். மேலே ஈப்போ கல்லூரியின் சின்னம்.

அப்படியானால் ஈப்போ துறைத்தலைவரின் மேசையில் இப்போது இருப்பது கோப்பெங் கல்லூரியின் விடைத்தாள்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் அவளுடைய கையெழுத்து. பதினோரு வருட டிக்குக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தானே உறையில் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

போனை எடுத்தாள்.

"என்னாங்க, எந்தக் கவர முன்னால வெச்சீங்க?"

"பெருசு லா."

"பெருசுன்னா?"

"மூணு கவரு இருந்துச்சி. மேல பேரு ஒன்னும் போடல. ஈப்போதான பெரிய டவுனு? அதான் இருக்கறதுலயே பெரிய கவர எடுத்து வெச்சேன்."

தொடர்பாடல் பாடத்தில் இதற்கொரு அத்தியாயம்கூட இல்லை.

"ஏன் கலா? ஏதும் தப்பாயிருச்சா?"

சொன்னாள். பிறகு, "நான் வேணும்னா மோட்டர்சைக்கிள்ல போயி மாத்திட்டு வந்துறட்டா?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

"நீங்க வாசப்படிய தாண்டுனீங்க, அப்புறம் என்கூடப் பேசவே வேணாம்."

"சரி சரி. நான் எங்கயும் போகல. இங்கயே ஒக்காந்திருக்கேன்."

அடுத்து ஜானிஸுக்கு அழைத்தாள். 'ஒரு தாள் விட்டுப்போச்சு' என்று ஏதோ சாக்குச் சொல்லி உறையைத் திரும்பக் கேட்டாள். "அப்பவே மேல போயிருச்சி மேடம். டாக்டர் தனேஸ்வரன் வாங்கிட்டாரு" என்றாள் ஜானிஸ்.

இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. பத்தரை மணிக்கு வகுப்பு. கலாதேவி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மாடியேறினாள். அன்றைய பாடம், 'தவறு நேர்ந்தால் வாடிக்கையாளருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது.' இருபத்தெட்டு பிள்ளைகளிடம், முதல் வாக்கியத்திலேயே தவறை ஒப்புக்கொள்ளுங்கள், சுற்றி வளைக்காதீர்கள், அடுத்தவர்மேல் பழி போடாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பு நன்றாகவே போனது. இந்தப் பெண்ணிடம் அது ஒன்று. வெளியே உலகம் இடிந்து விழுந்தாலும் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் குரல் நடுங்காது.

"மேடம், எங்க டெஸ்ட் பேப்பர் இன்னிக்குத் தரேன்னு சொன்னீங்களே?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அடுத்த வாரம்."

"பத்திரமா இருக்கா மேடம்?"

"ரொம்பப் பெரிய ஆளுகிட்ட பத்திரமா இருக்குப்பா."

பன்னிரண்டரைக்குக் காரில் ஏறியபோது போன் அடித்தது. கருப்பம்மாள்.

"டீச்சர், பிஸியா? ஒன்னுமில்ல, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒங்க மக பதினோரு மணிக்கு நீலச் சட்ட போட்டு, தலைய வாரி, லிப்ஸ்டிக்கெல்லாம் போட்டுக்கிட்டு கிரேப் டாக்சி ஏறிப் போறா. ஒங்க வீட்டுக்காரரு வாசல்ல செருப்ப சைஸ் வாரியா அடுக்கிக்கிட்டு இருக்காரு, மக போறதக்கூட பாக்கல. எங்க போறான்னு கேட்டேன். 'கோப்பெங் ஆன்ட்டி'ங்கறா! அதுவும் சிரிச்சிக்கிட்டே!"

"சரிக்கா. நான் அப்புறம் பேசறேன்."

"நானா இருந்தா இப்பவே திரும்பிப் பார்ப்பேன். நீங்களும் அங்கதான இருக்கீங்க?"

கலாதேவி ஒரு கணம் கோப்பெங் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். நீலச் சட்டை எதுவும் தென்படவில்லை. மகள் விஷயம் ஆறு மணிக்கும் இருக்கும், மூன்று மணி மூன்று மணிக்குத்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஈப்போவுக்கு வண்டியைத் திருப்பினாள்.

ஈப்போ கல்லூரியின் பின்பக்கக் கார் நிறுத்தத்தில் ஓர் அங்சானா மரம் உண்டு. பகுதிநேரக்காரர்களின் ஓய்வறை அதுதான். ஒருவர் கார் கதவைத் திறந்துவைத்துச் சாப்பிடுவார், ஒருவர் ஸ்டியரிங்கின்மேல் தாளை வைத்துத் திருத்துவார். இரண்டு மணிக்கு அந்த மரத்தடியில் ஆம்புரோஸ் மட்டும் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, முழுக்கைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். கலாதேவி நடத்தும் அதே பாடத்தை வேறு பிரிவுக்கு இருபது வருடமாகப் பகுதிநேரமாகவே நடத்துகிறவர்.

இவர்கள் இருவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. நாலு வருடத்துக்குமுன் கோப்பெங் கல்லூரி வாசலில் இருவரும் நேருக்கு நேராக முட்டிக்கொண்டார்கள். கலாதேவி தூணுக்குப் பின்னால் போனாள். ஆம்புரோஸ் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். மறுநாள் ஈப்போவில் பார்த்தபோது இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அதன்பிறகு ஒரு வார்த்தை கிடையாது. பகுதிநேரக்காரர்களின் தர்மம் அது. கண்ணால் கண்டதை வாய்க்குச் சொல்லக்கூடாது.

"வாங்க கலா. ஒங்களத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார் ஆம்புரோஸ். முழங்கைக்குள் ஒரு பெரிய பழுப்பு உறை.

கலாதேவிக்கு அந்த உறையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "அண்ணே, அது..."

"பேசாதீங்க. நான் சொல்றேன். காலையில தலைவரு கூப்பிட்டு, இத ரெண்டாந்தடவ ஒருக்கா பாத்துக் கொடுங்கன்னாரு. பிரிச்சேன். மொத தாளு ஜெரமின்னு ஒரு பையன். அவன எனக்கு நல்லாத் தெரியும். ஈப்போ பக்கமே வராத ஆளாச்சே, இவன் எப்படி இங்க பரீட்சை எழுதுனான்னு பாத்தேன். அப்புறந்தான் மேல சின்னத்தப் பாத்தேன்."

"எங்க வீட்டுக்காரரு பூட்ட கிளீன் பண்ணிட்டாருண்ணே."

ஆம்புரோஸ் மிட்டாயைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். "எங்க வீட்ல மேரிய நான் கார்கிட்டயே அண்ட விடறதில்ல" என்று மட்டும் சொன்னார்.

உறைகள் கைமாறின. பத்து விநாடி. மரத்திலிருந்த காகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க ஏண்ணே இந்த வேலைக்கு மனு போடல? இருவது வருசம் ஆச்சே."

"நெரந்தரம்னா மீட்டிங் வரும் கலா" என்றார் ஆம்புரோஸ். "எனக்கு இந்த மரமே போதும். நீங்க போங்க. நேரமாச்சி."

நேர்காணலில் முதல் அரைமணி நேரம் நன்றாகவே கழிந்தது. மனிதவளத் துறைப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார், கலாதேவி ஆங்கிலத்தில் சொன்னாள். ஆம்புரோஸ் மேலே சேர்த்த உறை டாக்டர் தனேஸ்வரனின் கைக்கருகே சமர்த்தாக இருந்தது. பச்சைக் கூடையின் உறை. சரியான ஊர். கலாதேவி உள்ளுக்குள் ஆம்புரோஸுக்கு ஒரு வருடத்துக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மனிதவளப் பெண்மணி வேறு கூட்டத்துக்கு எழுந்து போனார். தனேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி வைத்துத் தமிழுக்கு மாறினார்.

"மேடம், ஒரே ஒரு விசயந்தான் எனக்கு யோசனையா இருக்கு. நீங்க இங்க வாரத்துக்கு ஆறு மணி நேரந்தான் எடுக்கறீங்க. நெரந்தரம்னா பதினெட்டு. சும்மா வீட்டோட இருந்து பழகிட்டீங்க. தாங்குவீங்களா?"

கலாதேவி எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்திருந்தாள். வேறு எங்காவது கற்பிக்கிறீர்களா என்று கேட்டால் மூச்சை இழுத்து விட்டு, 'இல்லை' என்று சொல்ல வேண்டும் என்று நூறுமுறை ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் தன்னை ஒருவர் சோம்பேறி என்று நினைப்பார் என்பதற்கு மட்டும் ஒத்திகை இல்லை.

"சும்மாவா? சார், நான் இப்பவே இருவத்தியொரு மணி நேரம் எடுக்கிறேன்!"

மகள் சொன்ன மூச்சு இப்போதுதான் வந்தது.

தனேஸ்வரன் கோப்பைத் திறந்து ஒரு பாரத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். அந்தச் சின்னப் பெட்டியின்மேல் விரலை வைத்தார். "அப்ப இது?"

சேதி அனுப்புபவர் முதல் வாக்கியத்திலேயே தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில்தான் சொல்லிக்கொடுத்தாள்.

"பொய் சார். கோப்பெங்ல ஒம்போது, சிலிம் ரிவர்ல ஆறு. பதினோரு வருசமா."

"வருசத்துக்கு மூணு பாரம்."

"ஆமா சார்."

"முப்பத்திமூணு பொய்."

"ஆமா சார்."

தனேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"காலையில ஒங்க கவர நாந்தான் மொதல்ல பிரிச்சேன் மேடம். கோப்பெங் சின்னம் பளிச்சுனு தெரிஞ்சிச்சி. நல்லாத்தான் திருத்தியிருக்கீங்க. என்னா ஒன்னு, அந்தப் பிள்ளைங்களுக்கு ஓரத்துல நாலு வரி எழுதறீங்க, எங்க பிள்ளைங்களுக்கு மூணு வரிதான். அது மட்டும் எனக்கு வருத்தம்."

"சார்... தெரிஞ்சும் ஆம்புரோஸ் சார்கிட்ட..."

"வேற யாருகிட்ட கொடுக்கச் சொல்றீங்க? அவருக்குத்தான அந்த ஊருப் பிள்ளைங்களத் தெரியும்." தனேஸ்வரன் கண்ணாடியைத் துடைத்தார். "நானும் ஏழு வருசம் ஓடியிருக்கேன். தெலுக் இந்தான், கம்பார், சுங்காய். என் காரு பூட்ல மூணு தலகாணி உற இருந்துச்சி. ஒன்னுல பூப்போட்டிருக்கும், அது சுங்காய்."

கலாதேவி சிரித்தாள். கண்ணில் நீர் வந்ததைச் சேலைத் தலைப்பால் சிரிப்பின் கணக்கிலேயே துடைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, "சார், நான் இல்லைன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டாள்.

"அடுத்த ஆளக் கூப்பிட்டிருப்பேன்" என்றார் அவர், சிரிக்காமல். "திங்கக்கெழம கடிதம் வரும். கூடவே இந்தப் பாரமும் வரும். இந்தத் தடவ டிக் அடிச்சா அது நெசமா இருக்கணும். ரெண்டு எடத்தையும் விட்டுறணும். யோசிச்சி அடிங்க."

மாலை ஆறு மணிக்குத் தாமானுக்குள் கார் நுழைந்தபோது, ஜெயபாலன் சொன்ன சொல் தவறாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று பொட்டலம் கைலான் கீரை வதக்கலும், முளைப்பயறு போட்ட தவுகே கோழியும். தாண்டக் கூடாது என்ற படியை அவர் தாண்டவில்லை. போனில் சொல்லி வீட்டுக்கே வரவழைத்திருந்தார்.

"கெடைச்சிருச்சா?"

"திங்கக்கெழம கடிதம் வருதாம்."

ஜெயபாலன் எழுந்தார். போனை எடுத்து மகளுக்கு ஒரு மெசேஜ் தட்டினார். பிறகு காரைச் சுற்றிப் போய்ப் பின்பெட்டியைத் திறந்து, வெள்ளைப் பட்டைகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரிக்கத் தொடங்கினார். கலாதேவி தடுக்கவில்லை. அவரும் பக்கத்தில் நிற்க, உறைகளை அதனதன் ஊரில் எடுத்து வைத்தாள்.

"துணை முதல்வரா கலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விரிவுரையாளர். ஒரு மேச. ஒரு நாக்காலி."

"அது போதும் லா" என்றார் ஜெயபாலன். "நாக்காலிக்குச் சக்கரம் இருக்கா?"

அந்த நேரம் கிரேப் வந்து நின்றது. நீலச் சட்டை இறங்கியது. வேலியோரத்தில் வேப்பிலை ஒடிபடும் சத்தமும் கேட்டது. இன்று காலையிலிருந்து அந்த மரம் பாதி மொட்டையாகியிருந்தது.

ஷர்மினி நேராகக் காரிடம் வந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். "அப்பா மெசேஜ் போட்டாரு. வாழ்த்துகள் மா."

"அது இருக்கட்டும். கோப்பெங்ல யாரு?"

ஷர்மினி சிரித்தாள். "கருப்பம்மா ஆன்ட்டி சொல்லிட்டாங்களா?"

"யாருடி அவன்?"

"அவன் இல்ல மா, அது. ஒங்க காலேஜ்தான். மூணு வாரமா பேசிக்கிட்டு இருந்தாங்க. ஒங்க இண்டர்வியூ முடியட்டும்னுதான் சொல்லல. உளவியல் பாடம். வாரத்துக்கு ஆறு மணி நேரம். அடுத்த மாசம் ஆரம்பம்." கொஞ்சம் தயங்கினாள். "பார்ட் டைம்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. மாப்பிள்ளை கைவிட்டுப் போன பெருமூச்சு.

பெரட்டு தன்னோடு முடியட்டும் என்றுதான் கலாதேவி இந்தப் பெண்ணை முதுகலை வரை தள்ளிக்கொண்டு வந்தாள். ஜெயபாலன் மனைவியின் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் இருந்த காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் மகளின் முகத்தில் இருந்த வெளிச்சம் கலாதேவிக்குத் தெரியாததல்ல. முதல்நாள் வகுப்புக்குப் போய்விட்டு வருகிற வெளிச்சம் அது. பதினோரு வருடம் அவளை மூன்று ஊருக்கு ஓட்டியது கடிதமா என்ன?

"இன்னிக்குச் சும்மா டெமோ கிளாஸ்தான் எடுத்தேன் மா. இருவது பேரு. ஒருத்தன்கூட போன நோண்டல."

கலாதேவி குனிந்து நீலக் கூடையைத் தூக்கினாள். அதிலிருந்த உறையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கூடையைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து மகளின் கையில் கொடுத்தாள்.

"பருவம் முடிய அஞ்சு வாரம் எனக்கும் வேணும். அப்புறம் ஒனக்கு. ஆனா இந்தத் தொழில்ல மொத பாடம் ஒன்னு இருக்கு, இப்பவே சொல்லிடறேன்."

"என்னா மா?"

"கார் சாவிய அப்பா கையில கொடுக்காதே."

ஜெயபாலன் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு தப்பி வந்து, இருமலாக மாறியது. தவுகே கோழி ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று ஜெயபாலன் அவசரப்படுத்தினார். ஷர்மினி நீலக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். பச்சைக் கூடையைக் கலாதேவியே வீட்டுக்குள் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். இனி அதற்குக் காரில் வேலையில்லை.

சிவப்புக் கூடை மட்டும் பின்பெட்டியிலேயே இருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள். சிலிம் ரிவரில் பத்தொன்பது பேர், எண்ணெய்ப் பனை ஆலையில் எடை போடும் ஐம்பத்திரண்டு வயது பத்துமலை முதல் வரிசையில், பட்டம் வாங்கும்வரை கூட இருப்பேன் என்று அவள் சொன்னதை நம்பி வருகிறார்கள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. திங்கட்கிழமை வரும் பாரத்திலோ ஒரே ஒரு பெட்டி.

கலாதேவி திரும்பி வந்து சிவப்புக் கூடையின் பிடியைத் தொட்டாள். தூக்கவில்லை. பின்பெட்டியைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கருப்பம்மாள் அதையும் பார்த்துவிட்டாள்.